ஆலோசகர் வருமுன் ஒரு நோட்டுப் போடுங்கள்

சென்ற மாதம் நம் சங்க அலுவலகத்துக்கு அங்கத்தினர் ஒருவர் ஒரு காகிதக் கட்டுடன் வந்தார். மளிகை மொத்த வியாபாரி. ராஜாஜி மார்க்கெட் பக்கம் கடை, சற்றுத் தள்ளிக் கிடங்கு, வாலாஜாபாத்துக்கும் உத்திரமேரூருக்கும் வாரம் இருமுறை வண்டி அனுப்புகிறவர். கட்டில் இருந்தது ஒரு சாஃப்ட்வேர் ஆலோசனை நிறுவனம் கொடுத்த விலைப்பட்டியல். பதினான்கு பக்கம். "ஐயா, இதில் பாதி எனக்குப் புரியவில்லை. கையெழுத்துப் போடலாமா, நீங்களே சொல்லுங்கள்" என்றார்.

நாமும் படித்துப் பார்த்தோம். லைசென்ஸுக்கு ஒரு தொகை, நிறுவுவதற்கு ஒரு தொகை, தேவைக்கேற்ப மாற்றி அமைக்க ஒரு தொகை, பழைய கணக்கைப் புதியதில் ஏற்ற ஒரு தொகை, பயிற்சிக்கு ஒன்று, ஆண்டுப் பராமரிப்புக்கு ஒன்று. பதினான்கு பக்கத்தில் அரிசி என்ற சொல் ஓர் இடத்திலும் இல்லை. பருப்பு இல்லை. மூட்டை இல்லை. கடன் பற்று என்ற பேச்சே இல்லை. பெயரை மட்டும் மாற்றி எந்த ஊரில் எந்தக் கடைக்கும் கொடுக்கக்கூடிய காகிதம். ஒன்பதாம் பக்கத்தில் வேறொரு கடையின் பெயரே அழிக்கப்படாமல் நின்றது!

இப்போது கையெழுத்து வேண்டாம் என்று சொல்லி அனுப்பினோம். ஏன் சொன்னோம் என்பதை அவருக்கு மட்டும் சொன்னால் போதாது. இதே காகிதம் இன்னும் பல கடைகளின் மேஜை மேல் இருக்கிறது என்று தெரிந்ததால் இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒன்று. கம்ப்யூட்டர் எதற்கு, நாள்வழியும் பேரேடும் போதாதா என்று கேட்கும் கட்சி நாமல்ல. சித்திரை முதல் நாள் மஞ்சள் தடவிப் புதுக்கணக்குப் போடும் வழக்கத்தை நாம் விடவில்லை. ஆனால் 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்த பிறகு மஞ்சள் தடவிய நோட்டை மட்டும் வைத்துக்கொண்டு மொத்த வியாபாரம் செய்ய முடியாது என்பதும் நமக்குத் தெரியும். இன்று நம்மில் பெரும்பாலோர் கையாளும் டேலி என்ற புரோகிராமே ஒரு வியாபாரியின் தேவையிலிருந்து பிறந்ததுதான். பெங்களூரில் ஆலைகளுக்குச் சரக்கும் உதிரிப் பாகங்களும் கொடுத்துவந்த ஷியாம் சுந்தர் கோயங்கா, தம் கணக்குக்கு ஏற்ற புரோகிராம் கிடைக்காமல், மகன் பரத் கோயங்காவை எழுதச் சொன்னார். 1986-இல் அது தொழிலாயிற்று. மகனுக்கு 2020-இல் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது. இதில் நாம் கவனிக்க வேண்டியது பட்டத்தை அல்ல. தமக்கு என்ன வேண்டும் என்பது அந்தத் தகப்பனாருக்குத் தெரிந்திருந்தது. அதைச் சொல்லத் தெரிந்திருந்தது. புரோகிராம் எழுதியவர் அதற்குப் பிறகுதான் வருகிறார்.

நம் கடைகளில் நடப்பது தலைகீழ். புரோகிராம் முதலில் வருகிறது. நமக்கு என்ன வேண்டும் என்று பிறகு கண்டுபிடிக்கிறோம், அதுவும் பில் தப்பாகப் போன பிறகு.

இப்போது ஏன் இந்த மாற்றப் பேச்சு என்பதையும் பார்க்க வேண்டும். பலர் 2009-இல் வந்த டேலி ஈ.ஆர்.பி. 9-லேயே நிற்கிறார்கள். 2020 நவம்பரில் டேலி பிரைம் வந்துவிட்டது. கடையும் கிடங்கும் வண்டியும் ஒரே கணக்கில் ஓட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் அதையும் தாண்டி, கொள்முதல், இருப்பு, விற்பனை, வசூல் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டும் பெரிய ஈ.ஆர்.பி. சரக்குகளைத் தேடுகிறார்கள். ஆசை தப்பில்லை. கிளை வைத்திருப்பவர், பத்துப் பேருக்குச் சம்பளம் போடுபவர், ஆயிரக்கணக்கில் சரக்கு வகை வைத்திருப்பவர் ஆகியோருக்கு இது தேவையும்கூட. கிடங்கில் இருக்கும் கடுகு மூட்டையை இல்லையென்று நினைத்து மறுபடி வாங்கிப் போடும் நஷ்டத்தை எந்தக் கணக்குப்பிள்ளையும் பேரேட்டில் எழுதுவதில்லை.

ஆனால் ஆசையில் வாங்குவதைவிடப் பயத்தில் வாங்குவதே அதிகம் என்று காண்கிறோம். வருகிற பிரதிநிதி மூன்று பூச்சாண்டி காட்டுகிறார். ஈ-இன்வாய்ஸ் இல்லாவிட்டால் அபராதம் என்கிறார். அது 2020 அக்டோபரில் 500 கோடி விற்றுமுதல் உள்ளவர்களுக்கு வந்து, படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்டு 1 முதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கு என்று நின்றது. அதுவும் பதிவு பெற்ற இன்னொரு வியாபாரிக்குப் போடும் பில்லுக்குத்தான். 2017-18 முதல் ஏதாவது ஓர் ஆண்டில் நீங்கள் அந்த அளவைத் தாண்டியிருக்கிறீர்களா என்று உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள், பிரதிநிதியைக் கேட்காதீர்கள். அடுத்தது, கணக்கில் செய்யும் ஒவ்வொரு திருத்தத்தையும் அழியாமல் பதிந்து வைக்கும் புரோகிராம் சட்டப்படி கட்டாயம் என்கிறார். 2023 ஏப்ரல் 1 முதல் அது கட்டாயம்தான், கம்பெனிச் சட்டத்தில் பதிவான கம்பெனிகளுக்கு. தனி நபர் கடைக்கும் கூட்டு வியாபாரக் கடைக்கும் அந்த விதி இல்லை. நம் அங்கத்தினர்களில் எத்தனை பேர் கம்பெனி? பழைய புரோகிராமில் எச்.எஸ்.என். எண் நிற்காது என்பது மூன்றாவது. நிற்கும், எந்த எண் போட வேண்டும் என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டும். 5 கோடி வரை உள்ளவர்களுக்கு நான்கு இலக்கம், அதற்கு மேல் ஆறு இலக்கம் என்று 2021 ஏப்ரலிலேயே வந்துவிட்டது.

இணக்க வரித் திட்டத்தில் இருக்கும் சில்லறை மளிகைக்காரரிடம் கூட ஈ.ஆர்.பி. விற்க முயன்றிருக்கிறார்கள். பில்லில் வரியே வசூலிக்காதவருக்கு வரிக் கணக்கைக் காட்டிப் பெரிய புரோகிராம்! அவருக்கு நம் யோசனை எளிது: இருக்கிறதை ஒழுங்காக வைத்துக்கொள்ளுங்கள், காசைச் சரக்கில் போடுங்கள்.

பயத்தைத் தள்ளிவிட்டுத் தேவைக்கு வருவோம். பெரிய மாற்றம் செய்ய முடிவெடுத்துவிட்டவர் முதலில் செய்ய வேண்டிய வேலைக்குக் கம்ப்யூட்டரே வேண்டாம். நாற்பது பக்க நோட்டு ஒன்று, பேனா ஒன்று. உங்கள் கடை எப்படி நடக்கிறது என்று எழுதுங்கள். எப்படி நடக்க வேண்டும் என்று அல்ல, எப்படி நடக்கிறது என்று. யார் யாருக்கு எந்தக் கெடுவில் கடன், யார் கேட்டால் விலை குறைப்பது, உடைந்த மூட்டை என்ன ஆகிறது, லாரி ஷெட்டிலிருந்து வந்த சரக்கை யார் எண்ணுகிறார், பில் போடாமல் முதலில் சரக்கை அனுப்பிவிட்டு மறுநாள் பில் போடுவது எந்தெந்த வாடிக்கைக்காரருக்கு, வசூலுக்குப் போகும் பையன் எந்தத் தாளில் எழுதிக்கொண்டு வருகிறான்.

இது என்ன பெரிய விஷயம் என்று நினைக்க வேண்டாம். பிள்ளையார்பாளையம் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் நம் அன்பர் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறோம். நெசவாளர் குடும்பங்கள்தான் அவர் வாடிக்கை. அங்கே கடனுக்கு முப்பது நாள், நாற்பத்தைந்து நாள் என்ற கணக்கெல்லாம் கிடையாது. தறியில் இருக்கும் புடவையை அறுத்துக் கொடுத்துக் கூலி வாங்கினால் கடைக்குப் பணம் வரும். புடவை பத்து நாளிலும் முடியும். நுணுக்க வேலையானால் மாதம் தாண்டும். மழை விடாமல் பிடித்தால் இன்னும் தள்ளும். கடைக்காரருக்கு எந்த வீட்டில் எந்தப் பாவு ஏறியிருக்கிறது என்பதே தெரியும். அதுதான் அவர் பேரேடு.

புதுப் புரோகிராம் வந்தது. ஆலோசகர் கடன் கெடு எத்தனை நாள் என்று கேட்டார். அன்பர் கூட்டமான நேரத்தில், "முப்பது என்று போடுங்கள்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அடுத்த மாதம் முதல் தேதி புரோகிராம் தானாகவே ஐம்பதுக்கு மேற்பட்ட வீடுகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்பிவிட்டது. கெடு தாண்டிவிட்டது, உடனே செலுத்தவும் என்று. இருபது ஆண்டுகளாக வாங்கி வந்த ஒரு பெரியவர் அன்று மாலையே வந்து, யாரிடமோ கைமாற்று வாங்கி முழுப் பாக்கியையும் மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார். ஒரு வார்த்தை பேசவில்லை. மறுபடி கடைக்கு வரவும் இல்லை. அவரோடு இன்னும் ஏழெட்டு வீடு போயிற்று. புரோகிராமில் கோளாறு ஒன்றுமில்லை. சொன்னபடி வேலை செய்தது. ஆலோசகர் மீதும் முழுப் பழி போட முடியாது. அந்த ஊரில் கடன் எப்படி ஓடுகிறது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

பெரிய இடங்களிலும் இதே கதைதான். ஜெர்மனியில் லிடில் என்று ஒரு மளிகைச் சங்கிலி; ஐரோப்பா முழுதும் ஆயிரக்கணக்கில் கடை. அவர்கள் 2011-இல் எஸ்.ஏ.பி. என்ற புகழ்பெற்ற ஈ.ஆர்.பி.யை வைத்துப் பழைய சரக்குக் கணக்கை மாற்றத் தொடங்கினார்கள். ஆலோசகர்கள் கூட்டமாக வந்தார்கள். ஏழு ஆண்டுகள் ஓடின. 2018-இல் மொத்தத் திட்டத்தையும் நிறுத்திவிட்டார்கள். ஏறக்குறைய 50 கோடி யூரோ செலவு என்று பத்திரிகைகள் எழுதின. அப்போது வெளிவந்த காரணங்களில் ஒன்று நம் கடைக்காரர் எவருக்கும் ஒரே நிமிடத்தில் புரியும். லிடில் தன் இருப்பைக் கொள்முதல் விலையில் மதிப்பிடும் வழக்கமுள்ள கடை. புரோகிராமோ சில்லறை விற்பனை விலையில் இருப்பை மதிப்பிடும் முறையில் கட்டப்பட்டது. வழக்கத்தை மாற்ற லிடில் சம்மதிக்கவில்லை. ஆகவே புரோகிராமை வெட்டி ஒட்டினார்கள். ஒரு இடத்தில் வெட்டினால் ஒன்பது இடத்தில் ஒட்ட வேண்டியதாயிற்று. செலவு ஏறியது, வேகம் குறைந்தது.

இதில் லிடில் செய்தது சரியா தப்பா என்று நம் அலுவலகத்திலேயே இரண்டு கட்சி. கடை வழக்கத்தை எதற்காக மாற்ற வேண்டும் என்று ஒருவர். ஒரு வழக்கத்தைக் காப்பாற்ற 50 கோடி யூரோவா என்று இன்னொருவர். நம் கருத்து இது: உங்கள் நோட்டில் எழுதிய ஒவ்வொரு வழக்கத்துக்கும் எதிரே ஒரு குறி போடுங்கள். இதை விட்டால் வாடிக்கை போகும் என்றால் விடாதீர்கள். புடவை அறுத்த பிறகு வரும் பணம் அப்படிப்பட்டது. பழகிவிட்டோம் என்பதற்காக மட்டும் செய்வதென்றால் புரோகிராம் சொல்லும் வழிக்குப் போய்விடுங்கள். சரக்கு வந்தபிறகு மூன்று இடத்தில் எழுதிக்கொள்வது அப்படிப்பட்டது. எல்லாவற்றையும் நம் இஷ்டப்படி மாற்றி எழுதித் தரச் சொன்னால், அப்போதைக்குப் பெருமையாக இருக்கும். அடுத்த பதிப்பு வரும்போது அந்த மாற்றங்களையெல்லாம் மறுபடி சரிபார்க்க வேண்டும், சிலவற்றைத் திரும்ப எழுத வேண்டும். அதற்கு மறுபடி பணம். டேலியில் தனியாக டி.டி.எல். எழுதி வாங்கியவர்கள் பிரைமுக்கு மாறும்போது இதைப் பட்டறிந்தார்கள்.

நோட்டுக்கு அடுத்தது சரக்குப் பட்டியல். இதுதான் கஷ்டமான வேலை, இதில்தான் எல்லாரும் ஏமாறுகிறோம். பழைய கம்ப்யூட்டரில் இருப்பதை அப்படியே புதியதில் ஏற்றினால் பழைய குப்பையும் சேர்ந்து ஏறும். துவரம் பருப்பு நான்கு பெயரில் இருக்கும். செத்துப்போன பிராண்டு இருநூறு இருக்கும். அளவு மாற்றும் கணக்குத் தப்பாக இருக்கும். 2022 ஜூலை 18 முதல் பெயரிட்டுப் பொட்டலமிட்ட 25 கிலோ வரையிலான அரிசிக்கு 5 சதவீத வரி வந்ததும் ஆலைகள் 26 கிலோ மூட்டை போட்டன அல்லவா? சிப்பம் என்றால் 25 கிலோ என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லி வைத்திருந்த கடைகளில் மூட்டைக்கு ஒரு கிலோ இருப்பு உதைத்தது. மாதக் கடைசியில் யார் திருடினார் என்று பையன்களைச் சந்தேகப்பட்டவர்கள் உண்டு. பாவம் பையன்கள்.

2025 செப்டம்பர் 22-ஆம் தேதி வரி விகிதங்கள் மாறியது இன்னொரு பரீட்சை. நெய், வெண்ணெய் 12-லிருந்து 5. பிஸ்கட், குளியல் சோப்பு, பற்பசை, தலைக்கு எண்ணெய் 18-லிருந்து 5. பொட்டலப் பன்னீருக்கு வரியே இல்லை. சலவைத் தூளோ 18-லேயே நின்றது. குளியல் சோப்பையும் சலவைத் தூளையும் 'சோப்பு வகை' என்று ஒரே தொகுதியில் போட்டு வைத்திருந்தவர்கள் தொகுதிக்கு மொத்தமாக விகிதத்தை மாற்றிவிட்டுச் சலவைத் தூளுக்கும் 5 சதவீதம் பில் போட்டார்கள். மீதி 13 சதவீதம் யார் கையிலிருந்து? பட்டியலைச் சுத்தமாக வைத்திருந்தவர்கள் முதல் நாள் இரவே மாற்றிவிட்டு, காலையில் நிம்மதியாகக் கடை திறந்தார்கள். இரு தரப்பாரிடமும் இருந்தது ஒரே புரோகிராம்தான்.

பட்டியலைச் சுத்தம் செய்யும் வேலையை ஆலோசகரிடம் கொடுக்காதீர்கள். அவருக்கு உளுந்துக்கும் உடைத்த உளுந்துக்கும் வித்தியாசம் தெரியாது. கோவில் இட்லிக்குச் சுக்கும் மிளகும் கேட்டு வருகிறவருக்கு எந்தத் தரம் எடுத்து வைக்க வேண்டும் என்பதும் தெரியாது. உங்கள் கணக்குப்பிள்ளையும், கிடங்கில் நிற்கும் மூத்த ஆளும் சேர்ந்து உட்கார்ந்தால் இருபது நாளில் முடியும். அந்த இருபது நாள் அவர்களுக்கு வேறு வேலை கொடுக்காமல் இருக்க உங்களால் முடியுமா என்பதே கேள்வி.

எப்போது மாற்றுவது? அமெரிக்காவில் ஹெர்ஷி என்ற சாக்லேட் கம்பெனி 1999-இல் 11 கோடி டாலருக்கு மேல் செலவழித்துப் புதிய ஈ.ஆர்.பி. போட்டது. ஏப்ரலில் தொடங்க வேண்டியது தள்ளிப்போய் ஜூலை ஆயிற்று. எல்லாப் பிரிவையும் ஒரே நாளில் மாற்றினார்கள். அவர்களுக்கு அக்டோபர் கடைசியில் ஹாலோவீன் பண்டிகை. மிட்டாய் வியாபாரத்துக்கு அது நம் தீபாவளி மாதிரி. கிடங்கில் சரக்கு இருக்கிறது, ஆர்டர் இருக்கிறது, இரண்டையும் இணைக்க புதுக் கம்ப்யூட்டரால் முடியவில்லை. 10 கோடி டாலர் அளவுக்கு ஆர்டர்களை அனுப்ப முடியாமல் போயிற்று. ஏப்ரலில் முடியாவிட்டால் அடுத்த ஆண்டு பார்ப்போம் என்று சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை.

நம் ஊருக்கு வருவோம். ஏப்ரல் 1 கணக்குக்கு நல்ல நாள்தான். ஆனால் ஆண்டு முடிவு வேலையில் ஆடிட்டர் அலுவலகமும் நம் கணக்குப்பிள்ளையும் மூச்சுத் திணறும் நேரம். வைகாசியில் பெருமாள் கோவில் பிரம்மோற்சவம், கருட சேவை, வெளியூர்க் கூட்டம், கூடவே கல்யாண முகூர்த்தம். இவை கழிந்தபின் ஜூலை 1 வருகிறது. காலாண்டுத் தொடக்கம். பின்னாலேயே ஆடி. காந்தி ரோடு பட்டுக் கடைகளில் முகூர்த்தக் கூட்டம் இல்லாத மாதம். அந்தக் கூட்டத்தை நம்பியிருக்கும் ஓட்டல், மண்டபம், மளிகை எல்லாவற்றுக்கும் சற்று ஓய்வு. ஜூலை 1-இல் மாற்றி, ஆடியில் ஓட்டை உடைசலை அடைத்து, ஆவணி முகூர்த்தத்துக்குத் தயாராகலாம். தீபாவளிச் சரக்கு ஆர்டர் புரட்டாசியில்தான் சூடு பிடிக்கும். ஜூலையில் முடியவில்லையா, ஆகஸ்டு, செப்டம்பர் என்று இழுக்காதீர்கள். தை கழியட்டும். ஆலோசகர் தன் கணக்குக்கு அவசரப்படுவார். நீங்கள் பட வேண்டியதில்லை. (2019 மாதிரி அத்திவரதர் எழுந்தருளும் ஆண்டில் ஜூலை 1 வேண்டவே வேண்டாம். 48 நாளில் ஒரு கோடிக்கு மேல் ஜனம் வந்த ஊரில் பில் போடும் முறையை மாற்றிக்கொண்டிருக்க முடியுமா? அடுத்தது 2059-இல் என்பதால் அதை நம் பேரப்பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.)

மாற்றிய முதல் மாதம் பழையதும் புதியதும் இரண்டும் ஓட வேண்டும். இரட்டை வேலை என்று ஆட்கள் முணுமுணுப்பார்கள். அந்த ஒரு மாதத்துக்குக் கையில் கொஞ்சம் கொடுங்கள். மாதக் கடைசியில் இரண்டு கணக்கிலும் இருப்பு, பாக்கி, வரி மூன்றும் ஒத்துப்போனால்தான் பழையதை நிறுத்துவது. அரசாங்கமே ஜி.எஸ்.டி. தளத்துக்கு 2015-இல் 1,380 கோடி ரூபாய் ஒப்பந்தம் போட்டு, நாட்டின் பெரிய கம்பெனியான இன்ஃபோசிஸிடம் கொடுத்தும், ஆரம்பத்தில் கடைசித் தேதிகளில் தளம் திணறியதை நாம் ராத்திரி கண்விழித்துப் பார்த்தோம். இரண்டாம் படிவமும் மூன்றாம் படிவமும் 2017-லேயே நிறுத்தப்பட்டன. தற்காலிகம் என்று வந்த 3பி இன்றும் நிற்கிறது. அவர்களுக்கே அப்படியென்றால் நம் கடையில் முதல் நாளே எல்லாம் சரியாக ஓடும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இனி ஆலோசகர். அவர் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வெளிக் கண் ஒன்று கடைக்கு நல்லதுதான். நாம் பழகிப்போய்ப் பார்க்காததை அவர் பார்ப்பார். ஆனால் நம்மிடம் வருகிறவர்களில் பலர் உண்மையில் ஆலோசகர் இல்லை, விற்பனையாளர். எந்தப் புரோகிராமை விற்றால் கமிஷனோ அதுவே நமக்கு ஏற்றது என்பார். நகை வாங்கப் போகும்போது உரைத்துப் பார்க்கிறவரும் விற்கிறவரும் ஒருவராகவே இருந்தால் நாம் ஒப்புக்கொள்வோமா? ஆகவே ஆலோசனைக்குத் தனியாகப் பணம் கொடுங்கள். இரண்டு நாள் கடையில் உட்கார்ந்து பார்க்கட்டும். ஒரு நாள் கல்லாவில், ஒரு நாள் கிடங்கில். பார்த்ததை எழுதிக் கொடுக்கட்டும். அதற்குரிய கூலியைக் கொடுத்துவிட்டு, எந்தப் புரோகிராம் என்பதைப் பிறகு பேசுங்கள். அந்த இரண்டு நாளுக்கு வர மறுக்கிறவர் பிறகு கோளாறு வந்தாலும் வர மாட்டார்.

ஒப்பந்தத்தில் நாம் விடாமல் எழுதி வாங்க வேண்டியது கணக்கு யாருடையது என்பது. இது சாதாரண விஷயமாகத் தோன்றும். மெயின் பாஸ்வேர்டு ஆலோசகர் கையில், நம்மிடம் பில் போடும் பாஸ்வேர்டு மட்டும் என்று ஓடிக்கொண்டிருக்கும் கடைகள் நம் ஊரிலேயே இருக்கின்றன. பராமரிப்புத் தொகையில் தகராறு வந்த அன்று ஒரு கடைக்காரர் தம் சொந்தப் பாக்கிப் பட்டியலைப் பார்க்க முடியாமல் நான்கு நாள் நின்றார். பூட்டு நம்முடையது, சாவி இன்னொருவரிடம். வெளியில் எங்கோ இருக்கும் சர்வரில் கணக்கு வைப்பதானாலும், வாரம் ஒரு முறை முழு நகல் எக்செலில் நம் கைக்கு வர வேண்டும். வேறு புரோகிராமுக்கு மாறினால் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகலாம் என்று எழுத்தில் இருக்க வேண்டும். பணத்தைத் தவணையாகக் கொடுங்கள். கடைசித் தவணை கணிசமாக இருக்கட்டும். புதுக் கணக்கிலிருந்து முதல் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தப்பில்லாமல் போன பிறகு அதைக் கொடுக்கலாம்.

கடையில் ஒரே ஒருவரை இதற்குப் பொறுப்பாக்குங்கள். பெரும்பாலும் படித்துவிட்டு வந்த மகனையோ மருமகளையோ போடுகிறோம். நல்லதுதான். ஆனால் முப்பது வருடக் கணக்குப்பிள்ளையை ஓரம் கட்டிவிட்டுப் போடாதீர்கள். அவருக்கு மவுஸ் பிடிக்க வராது, ஆனால் உத்திரமேரூர்க் கடைக்காரர் மார்கழியில் ஏன் பாக்கி வைப்பார் என்பது அவருக்குத்தான் தெரியும். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும்.

சங்கத்தின் முன் ஒரு யோசனையையும் வைக்கிறோம். பத்துக் கடைக்காரர்கள் தனித்தனியாகப் பத்து ஆலோசகரிடம் பேரம் பேசுவதைவிட, ஒரே மாதிரித் தொழில் செய்யும் பத்துப் பேர் சேர்ந்து ஒரே ஆலோசகரை அமர்த்தினால் என்ன? மளிகை மொத்த வியாபாரிகள் ஒரு குழு, எண்ணெய் வியாபாரிகள் ஒரு குழு. சரக்குப் பட்டியல், எச்.எஸ்.என். எண், அளவு மாற்றக் கணக்கு எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒருமுறை சரியாகச் செய்தால் பத்துக் கடைக்கு ஆகும். விலையும் பாக்கியும் அவரவர் கணக்கில், அவரவர் பூட்டில். தொழில் ரகசியம் வெளியே போய்விடும் என்று சிலர் தயங்குகிறார்கள். தயக்கம் புரிகிறது. ஆனால் அந்த ரகசியத்தை இன்றைக்கே ஒரு வெளியூர் ஆலோசகரிடம் பாஸ்வேர்டோடு கொடுத்துவிட்டுத்தான் இருக்கிறோம். பக்கத்துக் கடை அண்ணாச்சியிடம் மட்டும் மறைக்கிறோம்.

பதினான்கு பக்கக் காகிதத்தோடு வந்த அங்கத்தினர் போன வாரம் மறுபடி வந்தார். கையில் நாற்பது பக்க நோட்டு. இருபத்தாறு பக்கம் எழுதியிருந்தார். எழுதும்போதுதான் தெரிந்ததாம், கிடங்கில் பதினொரு வகைச் சரக்கு இரண்டு ஆண்டுகளாக அசையவே இல்லை என்று. முதலில் அதைத் தள்ளுவிலைக்கு விற்றுவிட்டுப் பிறகு ஆலோசகரை அழைப்பதாகச் சொன்னார். இதேபோல் விலைப்பட்டியல் வாங்கி வைத்திருக்கும் அங்கத்தினர்கள், தொகையை மறைத்துவிட்டாவது அதன் நகல் ஒன்றைச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். நான்கைந்து சேர்ந்ததும் எண்ணெய், மளிகை வியாபாரிகளைக் கூட்டி, ஆடிட்டர் ஒருவரையும் வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்துப் பார்ப்போம்.